உடற்கூற்றுச் சொற்களும் மருத்துவச் சொற்களும்: எந்த வரிசையில் கற்பது?

நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் நர்சிங், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி, ஃபார்மசி வகுப்புகளில் சேரும் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். முதல் சில மாதங்களில் அவர்கள் தடுமாறுவது சொற்களில்தான். அகராதியைத் திறந்து வைத்து, நாளைக்கு ஐம்பது சொல் என்று மனப்பாடம் செய்கிறார்கள். வார்டில் முதல் கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் பதிவுத்தாளை, கையில் எடுத்ததும் எல்லாம் கலந்துவிடுகிறது.

திசைச் சொற்களை முதலிலும், சொல்லின் கடைசிப் பகுதிகளை அடுத்தும், உறுப்புகளின் வேர்ச்சொற்களை அதற்குப் பிறகும் படித்தால் இந்தக் கலக்கம் வராது. கீழே உள்ள எண்கள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போக வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்று. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிய சார்ட் அட்டைகள் இருநூறு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெற்றுப் பக்கமும் போதும். தோலில் எழுதினால் சோப்பில் போய்விடும் ஸ்கெட்ச் பேனா. கல்லூரி நூலகத்தில் ஓர் உடற்கூற்று அட்லஸ், ஒரு மருத்துவ அகராதி. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே நிற்க ஓர் ஆள். தம்பி, தங்கை, ஹாஸ்டல் தோழி, யாரானாலும் சரி.

கண்ணாடி முன்னால் நின்று படிக்காதீர்கள். கண்ணாடியில் உங்கள் வலக்கை உங்கள் வலப்பக்கமே தெரியும். எதிரே நிற்கும் நோயாளியின் வலக்கையோ உங்கள் இடப்பக்கம் இருக்கும். கண்ணாடியில் பழகியவர்கள் வார்டில் இடம் வலம் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

அட்டையின் முன்பக்கத்தில் சொல்லை ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதுங்கள். பின்பக்கத்தில் மூன்று வரி: சொல்லின் துண்டுகள், தமிழ்ப் பொருள், ஓர் எடுத்துக்காட்டு. முன்பக்கத்தில் தமிழ் ஒலியையும் சேர்த்து எழுதினால் கண் அதைத்தான் படிக்கும், ஆங்கில எழுத்தைப் பார்க்காது. எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பது 9ஆம் பகுதியில் வருகிறது.

2. உடற்கூற்று நிலையில் நிற்கக் கற்றுக்கொள்வது

எல்லாத் திசைச் சொற்களும் ஒரே ஒரு நிற்கும் நிலையை வைத்தே சொல்லப்படுகின்றன. நேராக நிற்க வேண்டும். முகமும் பாதங்களும் முன்னோக்கி இருக்க வேண்டும். கைகள் உடம்பை ஒட்டித் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் பார்க்க வேண்டும். நோயாளி கட்டிலில் எப்படி ஒருக்களித்துப் படுத்திருந்தாலும், அவர் இப்படி நிற்பதாகக் கருதித்தான் எழுதுவார்கள்.

உள்ளங்கை ஏன் முன்னால்? உள்ளங்கை முன்னோக்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் பக்கம் பக்கமாக இருக்கும். கட்டைவிரல் வெளிப்பக்கம் வரும். உள்ளங்கையைப் பின்னால் திருப்பினால் ரேடியஸ் எலும்பு அல்னாவின் மேல் குறுக்கே விழுகிறது, கட்டைவிரல் உள்பக்கம் போகிறது. அந்த நிலையில் ‘வெளிப்பக்கம்’ என்றால் எந்த எலும்பு என்றே தெரியாது. இதைக் கையைத் திருப்பித் திருப்பி நீங்களே தொட்டுப் பாருங்கள்.

இடம் வலம் எப்போதும் நோயாளியுடையது. எக்ஸ்ரே படத்தையும் நோயாளி உங்களைப் பார்த்து நிற்பது போலத்தான் மாட்டுவார்கள். படத்தில் அவருடைய இடப்பக்கம் உங்கள் வலப்பக்கம் வரும். படத்தின் ஓரத்தில் இருக்கும் எல் அல்லது ஆர் எழுத்தை முதலில் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு படத்தைப் பாருங்கள்.

3. திசைச் சொற்களை ஜோடியாகப் படிப்பது

தனித்தனியாகப் படித்தால் நிற்காது. எதிர்ச்சொல்லோடு சேர்த்தே படியுங்கள். முன்பக்கம் ஆண்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். தலைப்பக்கம் சுப்பீரியர், பாதப்பக்கம் இன்ஃபீரியர். நடுக்கோட்டுக்கு அருகே மீடியல், நடுக்கோட்டை விட்டு விலகி லேட்டரல். உடலோடு சேரும் இடத்துக்கு அருகே பிராக்சிமல், தள்ளி டிஸ்டல். தோலுக்கு அருகே சூப்பர்ஃபிஷியல், ஆழத்தில் டீப். மல்லாந்து படுப்பது சுப்பைன், குப்புறப் படுப்பது புரோன்.

இவற்றில் நான்கு இடங்களில் தவறு அதிகம்.

முதலாவது, பிராக்சிமல், டிஸ்டல் இரண்டையும் கை கால்களுக்கும் குடல், ரத்தக்குழாய் போன்ற குழாய்களுக்கும் சொல்வார்கள். மணிக்கட்டு முழங்கையைவிட டிஸ்டல். ஆனால் தொப்புள் நெஞ்சைவிட டிஸ்டல் என்று எழுதினால் தவறு, அங்கே இன்ஃபீரியர்தான்.

இரண்டாவது, இவை ஒப்பீட்டுச் சொற்கள். ‘மூக்கு மீடியல்’ என்று மட்டும் சொன்னால் வாக்கியம் முடியவில்லை. ‘மூக்கு கண்ணைவிட மீடியல், கண் காதைவிட மீடியல்’ என்று எதைவிட என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாவது, டார்சம். முதுகுப்பக்கம் என்று படித்துவிட்டு, பாதத்தின் டார்சம் என்றதும் குதிகாலைக் காட்டுகிறார்கள். பாதத்தின் டார்சம் என்பது செருப்பு வார் படும் மேற்பரப்பு. டார்சாலிஸ் பெடிஸ் நாடியை அங்கேதான் தொட்டுப் பார்க்கிறார்கள். தரையில் படும் பக்கம் பிளான்டர். கையில் உள்ளங்கை பால்மர், புறங்கை டார்சம்.

நான்காவது, கை கால்களை நடுக்கோட்டிலிருந்து விலக்குவதும் சேர்ப்பதும். அப்டக்‌ஷன் என்றால் விலக்குவது, அடக்‌ஷன் என்றால் சேர்ப்பது. காதில் இரண்டும் ஒன்று போல விழும். ஆகவே பிசியோதெரபி பிரிவுகளில் ‘ஏ-பி-டக்‌ஷன்’, ‘ஏ-டி-டக்‌ஷன்’ என்று எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

பயிற்சி இப்படி: எதிரே நிற்பவரின் கையிலும் காலிலும் ஸ்கெட்ச் பேனாவால் பத்துப் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு திசைச் சொல்லாவது வரும்படி ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு புள்ளிகளை அழித்துவிட்டு, உங்கள் வாக்கியங்களை இன்னொருவரிடம் கொடுத்து அதே இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். புள்ளி இடம் மாறினால் வாக்கியம் சரியில்லை. பத்தும் இடம் மாறாமல் விழும் வரை அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். மீடியல் மலியோலஸ் (கணுக்காலின் உள்பக்க மேடு), ஆண்டீரியர் டிபியல் ஆர்ட்டரி (முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தமனி) என்று எலும்புக்கும் ரத்தக்குழாய்க்கும் பெயர் வைத்திருப்பதே இந்தச் சொற்களைக் கொண்டுதான்.

4. வீட்டில் சொல்வதும் வார்டில் எழுதுவதும்

கை என்றால் நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை. உடற்கூற்றில் ஆர்ம் என்பது தோளுக்கும் முழங்கைக்கும் இடையில் மட்டும். அதற்குக் கீழே ஃபோர்ஆர்ம், மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட். காலும் அப்படித்தான். லெக் என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் மட்டும். மேலே இருக்கும் தொடை ‘தை’, கீழே இருக்கும் பாதம் ஃபுட். ‘கால் ஒடிஞ்சுபோச்சு’ என்று வருபவரின் சீட்டில் லெக் என்று எழுதிவிட்டு, ஒடிந்தது தொடை எலும்பு என்றால் அது பிழையான பதிவு.

நரம்பு இன்னும் சிக்கல். ‘நரம்பில் ஊசி’ என்பவர் சொல்வது வெயின், அதாவது சிரை. ‘நரம்பு சுருண்டு கிடக்கு’ என்று கெண்டைக்காலைக் காட்டினால் அதுவும் வெயின்தான். ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்றால் தசைப் பிடிப்பாகவோ தசைநாணாகவோ இருக்கும். கால் மரத்துப்போவதைச் சொல்லும்போதுதான் பெரும்பாலும் நெர்வ், அதாவது உணர்வைக் கொண்டுபோகும் உண்மையான நரம்பு. நரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் நியூரோ என்று எழுதாமல், ஒரு விரலால் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

வயிறு என்பது அப்டமன் முழுவதையும் குறிக்கும், இரைப்பையையும் குறிக்கும். ஆகவே வயிற்றுவலியை எல்லாம் இரைப்பையைக் குறிக்கும் காஸ்ட்ரோவோடு சேர்க்க முடியாது. குறுக்கு வலி என்றால் லம்பார் பகுதி. ‘மேல் வலி’ என்று நம் குமரி மாவட்டத்தில் சொன்னால் உடம்பு வலி. வெளி மாவட்டத்திலிருந்து வந்து பயிற்சி எடுப்பவர்கள் இதை உடலின் மேல்பகுதி வலி என்று எழுதிவிடுகிறார்கள். நெஞ்சு கரிப்பு பெரும்பாலும் இரைப்பை அமிலத்தால் வருவது. ஆனால் வியர்வையோ மூச்சுமுட்டோ சேர்ந்திருந்தால் பெயர் தேடிக்கொண்டிருக்காமல் உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாரடைப்பையும் ‘கேஸ்’ (வாயு) என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

வர்மம் அறிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று ஆசான்மார் சொல்லும் கணக்கில், வர்மம் என்பது உடலில் ஓர் இடம். உடற்கூற்றுச் சொல் எலும்பு, தசை, குழாய் என்று ஒரு பொருளுக்கு வைத்த பெயர். ஒரு வர்மத்துக்கு அடியில் தோல், தசை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாமே இருக்கலாம். ஆகவே வர்மப் பெயருக்கு நேராக ஒரே ஓர் உடற்கூற்றுப் பெயரை எழுதிப் படிக்காதீர்கள். இரண்டையும் வெவ்வேறு நோட்டில் வையுங்கள்.

5. வயிற்றை ஒன்பது கட்டங்களாகப் பிரிப்பது

இரண்டு காரை எலும்புகளின் நடுவிலிருந்தும் நேர் கீழே ஒவ்வொரு கோடு. விலா எலும்புக்கூட்டின் கீழ் விளிம்பை ஒட்டிக் குறுக்கே ஒன்று. இடுப்பெலும்பின் மேட்டை ஒட்டிக் குறுக்கே இன்னொன்று. ஒன்பது கட்டம் வந்துவிடும்.

நடு வரிசையில் மேலிருந்து கீழே: எபிகாஸ்ட்ரிக், அம்பிலிக்கல், ஹைப்போகாஸ்ட்ரிக். இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழே: ஹைப்போகாண்ட்ரியம், லம்பார், இலியாக். ஈரலின் பெரும்பகுதியும் பித்தப்பையும் வலது ஹைப்போகாண்ட்ரியத்தில். மண்ணீரல் இடது ஹைப்போகாண்ட்ரியத்தில், 9 முதல் 11 வரையான விலா எலும்புகளுக்கு உள்ளே. குடல்வால் வலது இலியாக் கட்டத்தில். நிரம்பிய சிறுநீர்ப்பை ஹைப்போகாஸ்ட்ரிக்கில் தட்டுப்படும்.

இந்தப் பெயர்களிலேயே அடுத்த பாடம் தொடங்கிவிடுகிறது. ஹைப்போ என்றால் கீழே, காண்ட்ரோ என்றால் குருத்தெலும்பு. விலாக் குருத்தெலும்புக்குக் கீழே உள்ள இடம் ஹைப்போகாண்ட்ரியம். எபி என்றால் மேலே; இரைப்பைக்கு மேலே எபிகாஸ்ட்ரிக்.

6. சொல்லைக் கடைசியிலிருந்து படிப்பது

மருத்துவச் சொல்லில் என்ன நடந்தது என்பதைக் கடைசிப் பகுதி சொல்லும். எங்கே நடந்தது என்பதை நடுவில் இருக்கும் வேர் சொல்லும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதை முன்னொட்டு சொல்லும். ஆகவே முதலில் கடைசி, அடுத்து முதல், அப்புறம் நடு. ‘எலக்ட்ரோகார்டியோகிராம்’: கிராம் என்றால் பதிவு, எலக்ட்ரோ என்றால் மின், கார்டியோ என்றால் இதயம். இதயத்தின் மின்பதிவு.

கடைசிப் பகுதிகளை வேர்களுக்கு முன்னால் படிப்பதற்குக் காரணம் உண்டு. முப்பது கடைசிப் பகுதி தெரிந்தால், உறுப்பு எது என்று தெரியாத சொல்லில்கூட அது நோயா, பரிசோதனையா, அறுவையா என்று பிரித்துவிடலாம். நோயாளியிடம் பேசுவதற்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

முதல் அட்டைக் கட்டு: ஐட்டிஸ் என்றால் அழற்சி. ஆல்ஜியா வலி. மெகலி வீங்கிப் பெரிதாதல். பதி நோய். மலேசியா மென்மையாதல். ஸ்டெனோசிஸ் குறுகல். டோசிஸ் கீழே இறங்குதல். ஈமியா ரத்தத்தில் இருக்கும் நிலை. யூரியா சிறுநீரில் இருக்கும் நிலை. பெனியா குறைவு. பிளீஜியா முழுச் செயலிழப்பு, பரேசிஸ் பலம் குறைதல். இந்தக் கடைசி இரண்டையும் மாற்றி எழுதக்கூடாது. ஹெமிபரேசிஸ் என்றால் ஒரு பக்கம் பலம் குறைந்திருக்கிறது, அசைவு மிச்சமிருக்கிறது. அதே நோயாளிக்கு மறுநாள் ஹெமிபிளீஜியா என்று எழுதினால் நோய் முற்றிவிட்டதாகப் பொருள் ஆகும்.

அறுவைச் சொற்கள் மூன்றைச் சேர்த்தே படியுங்கள். எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது: கொலிசிஸ்டெக்டமியில் பித்தப்பை போய்விடும். ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது: லேப்பராட்டமியில் வயிற்றைத் திறந்து பார்த்துத் தைத்துவிடுவார்கள். ஆஸ்டமி என்றால் வெளியே ஒரு வாய் வைப்பது: கொலாஸ்டமியில் பெருங்குடலின் வாய் வயிற்றுத் தோலில் இருக்கும், பையை மாட்ட வேண்டும். எதைச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து நர்சிங் கவனிப்பே மாறுகிறது. மூச்சுக்குழாயில் செய்யும் டிரக்கியாட்டமி, டிரக்கியாஸ்டமி என்ற இரண்டை மட்டும் வார்டில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிச் சொல்வதைக் கேட்பீர்கள். அங்கே கழுத்தில் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கிராம் என்றால் பதிவு, கிராஃப் என்றால் பதியும் கருவி, கிராஃபி என்றால் பதியும் செயல். ஸ்கோப் கருவி, ஸ்கோபி உள்ளே பார்க்கும் செயல். பிளாஸ்டி சீரமைப்பு, பெக்சி ஓரிடத்தில் பொருத்திக் கட்டுவது, சென்டிசிஸ் ஊசியால் துளைத்து நீர் எடுப்பது.

‘ஆர்’ எழுத்து இரட்டித்து வரும் நான்கு பகுதிகள் பலரையும் தேர்வில் கவிழ்க்கின்றன. ரேஜியா பீறிட்டு வழிவது. ரியா ஒழுகுவது, டயரியாவில் இருப்பது அது. ரஃபி தைப்பது, ஹெர்னியோரஃபி. ரெக்சிஸ் கிழிந்துபோவது. நான்கையும் ஒரே அட்டையில் எழுதி, பக்கத்தில் சிறு படம் வரைந்துவிடுங்கள்.

துண்டுகளை இணைக்கும் ‘ஓ’ எழுத்துக்கு ஒரு விதி உண்டு. அடுத்து வரும் கடைசிப் பகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஓ’ விழுந்துவிடும்: காஸ்ட்ரைட்டிஸ். மெய்யெழுத்தில் தொடங்கினால் நிற்கும்: காஸ்ட்ரோஸ்கோபி. இரண்டு வேர்கள் சேருமிடத்தில் பெரும்பாலும் நின்றேவிடும்: காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ். எழுத்துப் பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரு விதியில் தீர்ந்துவிடும்.

பிரித்துப் படிக்கும் முறை எல்லாச் சொல்லிலும் பலிக்காது. ஓமா என்றால் கட்டி என்று படிக்கிறோம். ஆனால் ஹீமட்டோமா என்பது தேங்கிய ரத்தம், கிளாக்கோமா என்பது கண் நோய். சாதாரணக் கட்டி போல ஒலிக்கும் மெலனோமாவும் லிம்ஃபோமாவும் புற்றுநோய்கள். காஸ்ட்ரோக்னீமியஸ் என்பது இரைப்பையே இல்லை, கெண்டைக்கால் தசை. அனீமியா என்பதைத் துண்டாகப் பிரித்தால் ‘ரத்தம் இல்லை’ என்று வரும்; உண்மையில் ஹீமோகுளோபின் குறைவு. ஆகவே சொல்லைப் பிரித்து ஊகித்தபின் அகராதியில் ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

7. ஓர் உறுப்புக்கு இரண்டு வேர்

சிறுநீரகத்துக்கு ரீனல் என்றும் வருகிறது, நெஃப்ரோ என்றும் வருகிறது. ஒன்று லத்தீன், மற்றது கிரேக்கம். உறுப்பையும் அதன் குழாய்களையும் சொல்லும் இடத்தில் லத்தீன் வேர் அதிகம் வரும்: ரீனல் ஆர்ட்டரி. நோயையும் அறுவையையும் சொல்லும் இடத்தில் கிரேக்க வேர் அதிகம்: நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் இரண்டையும் ஒரே அட்டையில் எழுதினால் பாதிச் சுமை குறைகிறது.

நுரையீரலுக்குப் பல்மனரி, நியூமோ. தோலுக்குக் கியூட்டேனியஸ், டெர்மட்டோ. நாக்குக்கு லிங்குவல், குளாசோ. மூக்குக்கு நேசல், ரைனோ. காதுக்கு ஆரல், ஓட்டோ. கண்ணுக்கு ஆக்குலர், ஆஃப்தால்மோ. சிறுநீர்ப்பைக்கு வெசிக்கல், சிஸ்டோ. கருப்பைக்கு யூட்டரைன், ஹிஸ்டரோ. மார்பகத்துக்கு மாமரி, மாஸ்டோ. சிரைக்கு வீனஸ், ஃபிளெபோ. ஈரலுக்கோ இரண்டு இடத்திலும் ஹெப்பட்டோ வேரே வரும்.

வேர்களை உறுப்பு மண்டலமாகப் படியுங்கள். வாரத்துக்கு இரண்டு மண்டலம் போதும். ஒரு மண்டலத்தின் படத்தை நோட்டின் இடப்பக்கம் வரைந்து, வலப்பக்கத்தில் அந்த வேர்களைக் கடைசிப் பகுதிகளோடு சேர்த்து நீங்களே சொற்களை உண்டாக்குங்கள். உண்டாக்கிய சொல் அகராதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாத சொல்லை அடித்துவிடுங்கள். அடித்த சொல்லும் மனதில் நிற்கும்.

முதுகெலும்பில் எண்களைக் கவனியுங்கள். கழுத்தில் 7, மார்பில் 12, குறுக்கில் 5, ஒன்றாகச் சேர்ந்த சேக்ரம் 5, வால் எலும்பு பொதுவாக 4, மொத்தம் 33. ஆனால் தண்டுவட நரம்புகள் 31 ஜோடி, கழுத்தில் மட்டும் 8. கழுத்தின் முதல் ஏழு நரம்புகளும் அந்தந்த எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளிவருகின்றன. எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழே வருகிறது. மார்பிலிருந்து எல்லாமே அந்தந்த எலும்புக்குக் கீழேதான். சி-8 என்று ஓர் எலும்பு கிடையாது.

8. முன்னொட்டுகளை எண்ணோடு படிப்பது

‘டாக்கி என்றால் வேகம்’ என்று மட்டும் படித்தால் எப்போது எழுதுவது என்று தெரியாது. பெரியவர்களுக்கான அளவுகள் இவை: இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல் டாக்கிகார்டியா, 60க்குக் கீழ் பிராடிகார்டியா. மூச்சு 20க்கு மேல் டாக்கிப்னியா. 24 மணி நேரத்தில் சிறுநீர் 3 லிட்டருக்கு மேல் பாலியூரியா, 400 மில்லிக்குக் கீழ் ஆலிகூரியா, 100 மில்லிக்கும் கீழ் அனூரியா. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் ஹைப்போகிளைசீமியா. தட்டணு 1,50,000க்குக் கீழ் த்ராம்போசைட்டோபெனியா. டெங்கு வார்டில் தினமும் காதில் விழும் சொல். குழந்தைகளுக்கு அளவு வேறு, அவற்றைத் தனியாகப் படியுங்கள்.

ஹைப்பர் (அதிகம்), ஹைப்போ (குறைவு) இரண்டையும் வாயால் சொல்லும்போது கடைசி அசையை அழுத்திச் சொல்லுங்கள். போனில் ரிப்போர்ட் சொல்லும்போது எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘பொட்டாசியம் ஹைப்போ’ என்று மட்டும் சொன்னால் எதிர்ப்புறம் ஹைப்பர் என்று காதில் விழலாம், ‘2.8’ என்று சேர்த்தால் ஐயம் இல்லை.

இன்டர் என்றால் இரண்டுக்கு இடையில், இன்ட்ரா என்றால் ஒன்றுக்கு உள்ளே. ஆன்டி என்று தமிழில் ஒன்றாக ஒலிப்பவை இரண்டு: ‘ஈ’ எழுத்தில் முடிவது முன்னால், ஆன்டிநேட்டல், ‘ஐ’ எழுத்தில் முடிவது எதிராக, ஆன்டிபயாட்டிக்.

9. ஒன்று போல ஒலிப்பவையும் எழுத்தும்

இலியம் என்ற ஒலிக்கு இரண்டு சொல் உண்டு. நடுவில் ‘ஈ’ எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ‘ஐ’ எழுத்து வந்தால் இடுப்பெலும்பு. யூரிட்டர் இரண்டு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வருபவை. யூரெத்ரா ஒன்று, பையிலிருந்து வெளியே. டிஸ்ஃபேஜியா விழுங்க முடியாமை, டிஸ்ஃபேசியா பேச்சுக் கோளாறு. ஹீமட்டமெசிஸ் ரத்த வாந்தி, ஹீமாப்டிசிஸ் இருமலில் ரத்தம். ஆர்ட்டீரியோ தமனி, ஆர்த்ரோ மூட்டு, அதிரோ தமனிச் சுவரில் படியும் கொழுப்பு. மயோ தசை, மயலோ தண்டுவடமாகவும் இருக்கலாம், எலும்பு மஜ்ஜையாகவும் இருக்கலாம். சிஸ்டோ பை, சைட்டோ செல். பெரோனியல் கெண்டைக்காலின் வெளிப்பக்கம், பெரினியல் கவட்டுப் பகுதி.

இந்த ஜோடிகளுக்குத் தனி நிறத்தில் அட்டை வையுங்கள். வாரம் ஒருமுறை இவற்றை மட்டும் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிப் பாருங்கள்.

அகராதியில் சொல் கிடைக்காமல் போவதற்கு ஒலிக்காத முதல் எழுத்துதான் பெரும்பாலும் காரணம். நியூமோனியாவை ‘என்’னில் தேடினால் இருக்காது; ‘பி’யில் இருக்கும். சோரியாசிஸ், டோசிஸ் ஆகியவையும் ‘பி’யில்தான். டிஸ்ப்னியா ‘ஒய்’ எழுத்தோடு வரும். இந்தியப் பாடநூல்களில் ஈடீமாவும் ஈசோஃபேகஸும் பெரும்பாலும் ‘ஓ’வில் தொடங்கும், அமெரிக்க நூல்களில் ‘ஈ’யில். வளைகுடா வேலைக்குத் தேர்வு எழுத நினைப்பவர்கள் இரண்டு எழுத்துமுறையையும் அட்டையில் எழுதி வையுங்கள்.

10. சுருக்கெழுத்தைக் கடைசியில் தொடுவது

முழுச்சொல் தெரியாமல் சுருக்கத்தைப் படிப்பது ஆபத்து. எம்.எஸ். என்பது மைட்ரல் ஸ்டெனோசிஸாகவும் (இதய வால்வு குறுகல்) இருக்கலாம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாகவும் (ஒரு நரம்பு மண்டல நோய்) இருக்கலாம். ஓ.டி. நம் மருந்துச் சீட்டில் தினம் ஒருவேளை. கண் சீட்டில் வலக்கண். பி.டி. இருவேளை, டி.டி.எஸ். மூவேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும்.

நீங்கள் எழுதும்போது 5 மி.கி. என்பதை 5.0 என்று எழுதாதீர்கள்; புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். அரை மி.கி. என்றால் 0.5 என்று முன்னால் பூஜ்யம் வேண்டும். இன்சுலின் அளவில் யூனிட் என்ற சொல்லை முழுதாக எழுதுங்கள். ‘யு’ எழுத்து மட்டும் எழுதினால் பூஜ்யமாகத் தெரிந்து 10 பங்கு மருந்து போய்விடக்கூடும்.

11. ஒரு கேஸ் ஷீட்டில் சோதித்துப் பார்ப்பது

பயிற்சிக்காக எழுதிய ஒரு பதிவு: ‘52 வயது ஆண், மீன்பிடித் தொழில், குளச்சல். நேற்றிரவு முதல் ஹீமட்டமெசிஸ், மெலினா. டாக்கிகார்டியா, 118. ஆலிகூரியா. ஸ்ப்ளீனோமெகலி உண்டு. அசைட்டீஸ், பாராசென்டிசிஸ் செய்யப்படும். வலது ஃபோர்ஆர்மின் டிஸ்டல் பகுதியில், ஆண்டீரியர் பக்கம், 3 செ.மீ. பழைய தழும்பு.’

இதை நோயாளியின் மனைவிக்குச் சொல்வதுபோல் தமிழில் எழுதுங்கள். ரத்த வாந்தி, கறுப்பாக மலம், நாடி வேகம், சிறுநீர் குறைவு, மண்ணீரல் வீக்கம், வயிற்றில் நீர், அதை ஊசியால் எடுக்கப் போகிறார்கள், வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ளங்கைப் பக்கம் தழும்பு. உங்கள் தமிழை வேறொருவர் பார்த்து மறுபடி மருத்துவச் சொல்லில் எழுத வேண்டும். இரண்டு பதிவும் ஒத்துப்போக வேண்டும்.

இந்தப் பதிவில் பெரும்பாலோர் தவறுவது இரண்டு இடத்தில். ‘மணிக்கட்டுக்கு மேலே’ என்பதைச் சுப்பீரியர் என்று திருப்புகிறார்கள். கையில் அது பிராக்சிமல். அசைட்டீஸின் கடைசியைப் பார்த்து அழற்சி என்று எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்: ஐட்டிஸில் ‘எஸ்’ஸுக்கு முன்னால் வருவது ‘ஐ’, இதில் வருவது ‘ஈ’. இது வயிற்றறையில் தேங்கிய நீர் மட்டுமே. அழற்சி இருந்தால் அதற்குப் பெரிட்டோனைட்டிஸ் என்று வேறு சொல் எழுதியிருப்பார்கள்.